திருநெல்வேலி சந்திப்புப் பகுதியின் நிலத்தோற்ற அமைப்பு

திருநெல்வேலி சந்திப்பு என்பது திருநெல்வேலி மாநகரில், தாமிரபரணி ஆற்றின் இடது கரையை ஒட்டி அமைந்துள்ள போக்குவரத்து மையப் பகுதியாகும். தொடர்வண்டி நிலையம், பேருந்து நிலையம், ஈரடுக்கு மேம்பாலம், 19ஆம் நூற்றாண்டுப் பாலம், பழைய படித்துறை ஆகியவை இங்கு அருகருகே உள்ளன. வரலாற்றுச் சின்னங்கள் நிறைந்த இடத்தில் போக்குவரத்து மையம் அமையும்போது அதன் பொதுவெளியை வடிவமைப்பதில் எழும் சிக்கல்களுக்கு இப்பகுதி சிறந்த எடுத்துக்காட்டாகும்.

வரலாறு

பாலம் கட்டப்படுவதற்கு முன்னர், திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே மக்கள் படகில் ஆற்றைக் கடந்தனர். சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைக் கொண்டு கட்டுவித்த பாலம் 1843ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 11 வளைவுகளைக் கொண்ட இப்பாலம், இலண்டன் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது.

1870களில் தொடர்வண்டிப் பாதை இங்கு வந்தது. பின்னர்ச் செங்கோட்டை, திருச்செந்தூர் ஆகிய ஊர்களுக்கும், 1981இல் நாகர்கோவிலுக்கும் பாதைகள் அமைந்தன. 1973இல் தொடர்வண்டிப் பாதைக்கு மேலே ஈரடுக்கு மேம்பாலம் திறக்கப்பட்டது. தைப்பூசத்தன்று நெல்லையப்பர் கோயிலில் இருந்து சுவாமி எழுந்தருளும் சிந்துபூந்துறைப் படித்துறையும் தைப்பூச மண்டபமும் இதே பகுதியிலேயே உள்ளன.

ஆறும் நிலமும்

2017இல் திருநெல்வேலி சீர்மிகு நகரத் திட்டத்திற்குத் தேர்வு செய்யப்பட்டது. அத்திட்டத்தின் கீழ்ப் பழைய பேருந்து நிலையம் இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட்டது. அடித்தளத்திற்காகத் தோண்டியபோது ஆற்று மணல் வெளிப்பட்டது. இந்நிலம் ஆற்றின் வெள்ளப்படுகையைச் சேர்ந்தது என்பதை இது காட்டுகிறது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் பெய்த பெருமழையில் சந்திப்புப் பேருந்து நிலையப் பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. அதே மழையில், திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி திருவைகுண்டம் நிலையத்தில் சிக்கிக்கொண்டது.

எனவே இங்கு நிலத்தோற்ற அமைப்பு என்பது அழகுக்காகச் செடி நடுவது மட்டுமன்று. நீருக்கு வழிவிடுவதும் அதன் முதன்மைப் பணியாகும். தரை முழுவதும் கற்காரை இட்டால் மழைநீர் மண்ணில் இறங்காது. ஒவ்வொரு முறையும் சாலையை உயர்த்திப் போட்டால் பழைய மண்டபங்கள் பள்ளத்தில் அமிழ்ந்து, அவற்றின் அடிப்பகுதியில் நீர் தேங்கும்.

வடிவமைப்புக் கூறுகள்

* தரை: நீர் புகவிடும் கல்தளமும், ஆற்றை நோக்கிய சரிவும் தேவை. கழிவுநீர், மழைநீர் வடிகாலில் கலக்காதவாறு தனியே செல்லவேண்டும்.
* மரங்கள்: தாமிரபரணிக் கரைக்கு உரிய மருதம், இலுப்பை போன்றவையும், நிழல்தரும் வேம்பு, புங்கை போன்றவையும் ஏற்றவை. பழைய கட்டுமானங்களை ஒட்டி மரம் நட்டால் வேர்கள் கற்களைப் பெயர்த்துவிடும்.
* நடைபாதை: பேருந்தில் இருந்து இறங்குபவர் சாலையைப் பலமுறை கடக்காமல் தொடர்வண்டி நிலையத்தையும் படித்துறையையும் அடையவேண்டும்.
* பார்வைவெளி: விளம்பரப் பலகைகளும் கூரைகளும் பாலத்தின் வளைவுகளையும் ஆற்றையும் மறைக்கக்கூடாது.

சட்டப் பாதுகாப்பு

நடுவண் அரசால் பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானத்திற்குத் தடை உண்டு. அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாகும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010இல் செய்யப்பட்ட திருத்தம் இதனை வகுத்தது. பட்டியலில் சேராத படித்துறைகளுக்கும் மண்டபங்களுக்கும் இவ்விதி பொருந்தாது. ஆகவே அவற்றின் எதிர்காலம் பெரும்பாலும் திட்ட வரைபடத்தில் அவை இடம்பெறுவதைப் பொறுத்தே அமைகிறது.

பிற எடுத்துக்காட்டுகள்

தாமிரபரணிப் பள்ளத்தாக்கிலேயே, திருச்செந்தூர் சாலையில் உள்ள ஆதிச்சநல்லூரில், அகழாய்வுக் குழிகளும் தாழிகளும் கிடைத்த இடத்திலேயே பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. பார்வையாளர்கள் கண்ணாடித் தளத்தின் மீது நின்று அவற்றைக் காணலாம்.

ரோம் நகரின் தெர்மினி தொடர்வண்டி நிலைய முகப்பை அடுத்து, கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மதிலின் பகுதி பாதுகாக்கப்பட்டுள்ளது. ஏதென்சின் மொனாஸ்திராகி சுரங்கத் தொடர்வண்டி நிலையத்தில், நகரின் அடியில் மறைந்துபோன எரிதானோசு ஆற்றின் பழைய கால்வாயைப் பயணிகள் காணமுடிகிறது. ஏதென்சில் ஆறு மண்ணுக்கடியில் மறைந்த பின்னரே காட்சிப்பொருளானது. திருநெல்வேலியில் தாமிரபரணி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.