கண்ணாடித் தொட்டிக்கு விளக்கும் மூடியும்



வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து, நீர்ச்செடி நட்டு, நாலு வண்ண மீன் விடுவது பட்டணத்தார் வேலை என்று இனிச் சொல்வதற்கில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமங்களிலும் பிள்ளைகள் கேட்கிறார்கள், பெற்றோரும் வாங்கித் தருகிறார்கள். ஆனால், "இரண்டு மாசத்துல செடி அழுகிப் போச்சுங்க, மீனும் செத்துப் போச்சுங்க" என்ற பேச்சும் கூடவே வருகிறது. இதற்குக் காரணம் பல சமயம் தொட்டிக்கு மேலேதான் இருக்கிறது. அதாவது, மூடியும் விளக்கும் சரியாக அமையவில்லை.

முதலில் மூடி. நம் பகுதியில் இது மிக முக்கியம். தோல் பதனிடும் கழிவால் பாலாற்றுப் படுகை நிலத்தடி நீர் கெட்ட கதை உங்களுக்குத் தெரியும். 1996-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், தோல் தொழில் நடக்கும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையக் கணக்கு எடுத்துக்காட்டப்பட்டது. அப்படிப்பட்ட கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினால் என்ன ஆகும்?

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 45 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள தண்ணீர் என்றால், ஆரம்பத்திலேயே 90 கிராம் உப்பு இருக்கிறது. மூடி இல்லாமல் தினம் அரை லிட்டர் ஆவியாகிறது என்று வையுங்கள். 60 நாளில் 30 லிட்டர். அதே கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஈடுகட்டினால் இன்னும் 60 கிராம் உப்பு சேரும். ஆக 150 கிராம்! ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். வயலில் உப்புப் பூக்கிறதே, அதே கதைதான்.

எனவே மூடி போடுங்கள். 4 மில்லிமீட்டர் கண்ணாடியை இரண்டு துண்டாக வெட்டி வைத்தால் தூக்கி வைக்க வசதி. ஒரு மூலையை வெட்டிவிட்டால் தீனி போடவும், ஒயர் நுழையவும் வழி கிடைக்கும், காற்றும் போகும். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு அங்குலம் இடம் விடுங்கள். கோராமி, சண்டை மீன் போன்றவை மேலே வந்து காற்றை விழுங்குபவை. மூடி இருந்தால் மீன் துள்ளி வெளியே விழாது, பூனையும் பல்லியும் அண்டாது. தோல் கம்பெனித் துண்டுகளை மூடியாகவோ விரிப்பாகவோ போட வேண்டாம். அதிலுள்ள குரோமியமும் சாயமும் தண்ணீரில் கசியலாம்.

சித்திரை, வைகாசி வெயிலில் மட்டும் முறையை மாற்றுங்கள். தண்ணீர் சூடேறினால் அதில் கரையும் பிராணவாயு குறையும். அப்போது கண்ணாடியை எடுத்துவிட்டு, சட்டம் அடித்த கொசுவலையை வையுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது தொட்டி குளிரும். குறைந்த தண்ணீருக்குப் பதிலாக, சேமித்த மழைத் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ மட்டும் ஊற்றுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர் மட்டும் கூடவே கூடாது. உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது.

அடுத்தது விளக்கு. செடிக்கு வெளிச்சம்தான் சமையலறை. அதற்காக நாள் முழுக்க எரியவிட்டால், செடியை முந்திக்கொண்டு பச்சைப்பாசி வளர்ந்து கண்ணாடியை மறைக்கும். மேலே சொன்ன தொட்டிக்கு 10 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று போதும். 6500 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் வெள்ளை வெளிச்சம் நல்லது. தினம் எட்டு மணி நேரம் எரியட்டும், அதுவும் ஒரே நேரத்தில். வேலம்பாசி, வாலிஸ்னீரியா போன்ற செடிகளுக்கு இதுவே போதுமானது. நேர் வெயில் விழும் ஜன்னலோரம் தொட்டியை வைக்காதீர்கள்.

பகலில் செடி பிராணவாயுவைத் தரும், இரவில் அதுவும் மீனோடு சேர்ந்து இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் காற்று போதவில்லை என்று பொருள். இரவிலும் காற்றுக்குழாய் ஓடவிடுங்கள், மீன் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

விளக்கை மூடிக் கண்ணாடிக்கு மேலே பொருத்த வேண்டும். நீராவி படாது. கண்ணாடியின் அடிப்பக்கம் வெள்ளையாக உப்புப் படியும். வாரம் ஒருமுறை துடைக்காவிட்டால் வெளிச்சம் பாதியில் நின்றுவிடும். செடி வெளுத்தால் புது விளக்கு வாங்கும் முன் மூடியைத் துடைத்துப் பாருங்கள்!

மின்சார விஷயத்தில் கவனம் தேவை. ஒயர் நேராகப் பிளக்குக்குப் போகக் கூடாது. பிளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். அப்போதுதான் ஒயரில் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டும். தொட்டிக்குள் கை வைக்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

தொட்டி வாங்கும் முன்பு, உங்கள் கிணற்றுத் தண்ணீரின் உப்பளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பயிருக்காகச் செய்யும் அதே பரிசோதனைதான். அளவு தெரிந்தால், எந்தத் தண்ணீரை ஊற்றுவது, எப்படி மூடுவது என்பது தானே விளங்கிவிடும்.