நாறும் மரத்தில் புற்றுநோய் மருந்து

மகாபலேசுவரம், அம்போலி, கொய்னா பக்கத்து மலைக்காடுகளில் நரக்யா என்றொரு சிறு மரம் உண்டு. இரண்டு மூன்று ஆள் உயரம் இருக்கும். பூத்துவிட்டால் துர்நாற்றம் வீசும். மராட்டியர் இதற்கு நரகத்தை நினைவூட்டும் பெயர் வைத்ததில் வியப்பில்லை. கன்னடத்தில் ஒளிவு மறைவில்லாமல் ‘துர்வாசனை மரம்’ என்றே சொல்லிவிடுகிறார்கள். தாவர நூல்களில் முன்பு மாப்பியா ஃபீடிடா என்றிருந்தது. இப்போது நோத்தபோடைட்டஸ் நிம்மோனியானா. வழிப்போக்கர் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகிப் போகும் இந்த மரத்தைக் கோடரியோடு தேடிப் போகிறவர்களும் இன்று இருக்கிறார்கள். அதற்கு வித்திட்டது, அரை நூற்றாண்டுக்கு முன் மும்பை கோரேகாவில் நடந்த ஓர் ஆராய்ச்சி.

ஆனால் கதையின் தொடக்கம் அமெரிக்காவில். சீனாவில் ‘மகிழ்ச்சி மரம்’ என்று ஒரு மரம் இருக்கிறது. அதன் சாற்றுக்குப் புற்றுநோயை எதிர்க்கும் ஆற்றல் இருப்பது 1950களின் இறுதியில் அங்கே தெரியவந்தது. வட கரோலினா மாநிலத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் மன்ரோ வால், மன்சுக் வாணி என்ற இரு ரசாயன அறிஞர்கள் அந்தச் சாற்றிலிருந்து மருந்துச் சத்தைத் தனியே பிரித்தெடுத்து, 1966ல் அதன் மூலக்கூறு அமைப்பை வெளியிட்டார்கள். கேம்ப்டோதெசின் என்பது அதன் பெயர். வாணி வேற்று நாட்டவர் அல்லர். மராட்டிய மாநிலத்து நந்துர்பாரில் 1925ல் பிறந்து, பம்பாய் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவர்.

சீன மரம் சீனாவில் அல்லவா இருக்கிறது? வேறு எந்தச் செடியிலாவது இதே சத்து கிடைக்குமா என்ற கேள்விக்கு விடை கோரேகாவிலிருந்து வந்தது.

அங்கே சிபா நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையம் 1963ல் தொடங்கியது. அதன் இயக்குநராக வந்தவர் டி.ஆர். கோவிந்தாச்சாரி. சென்னை மாநிலக் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியராக இருந்தவர். ஆஸ்துமாவுக்கு நாட்டு வைத்தியர்கள் கொடுக்கும் நஞ்சறுப்பான் கொடியிலுள்ள டைலோபோரின் என்ற பொருளின் அமைப்பை ஆராய்ந்து பெயர் பெற்றவர். தாவரத்தைப் பொடியாக்கி, சாராயத்தில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்து, மிஞ்சிய பிசினைக் கூறு கூறாகப் பிரிக்கும் வேலை அவருக்குக் கைவந்த கலை. கேட்பதற்கு லேகியம் கிண்டுவது போல இருக்கும். ஆனால் கடைசியில் கையில் தங்குவது என்னவோ நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான பொருள். அது இன்னதென்று ஐயமில்லாமல் சொல்லவும் வேண்டும்.

1972ல் அவரும் என். விசுவநாதனும் நரக்யா மரத்தில் கேம்ப்டோதெசின் இருப்பதாக அறிவித்தார்கள். வெளிர் மஞ்சள் ஊசிகளாகப் படியும். புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். மகிழ்ச்சி மரம் என்றாலும் நரக மரம் என்றாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த நேரத்தில்தான் அமெரிக்காவில் இந்த மருந்து கைவிடப்பட்டுக்கொண்டிருந்தது. கேம்ப்டோதெசின் தண்ணீரில் கரையாது. ஊசி மூலம் ஏற்றுவதற்காக அதைச் சோடியம் உப்பாக மாற்றினார்கள். மூலக்கூறில் வரிசையாக நிற்கும் ஐந்து வளையங்களில் கடைசி வளையம் இதனால் திறந்துகொண்டது. மருந்தின் வீரியமோ அந்த வளையம் மூடியிருப்பதில் இருக்கிறது! போதாக்குறைக்கு, சிறுநீரின் புளிப்பில் அது மறுபடி மூடிக்கொண்டு சிறுநீர்ப் பையைப் புண்ணாக்கியது. நோயாளிகள் பட்ட அவதியைப் பார்த்துச் சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

1985ல்தான் காற்று திசை மாறியது. செல்லுக்குள் டி.என்.ஏ. இழைகள் முறுக்கேறிய கயிறு போல இருக்கின்றன. செல் இரண்டாகப் பிரியுமுன் அந்த முறுக்கு தளர வேண்டும். ஒரு புரியை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மறுபடி ஒட்டிவிடும் என்ஸைம் ஒன்று இருக்கிறது. கேம்ப்டோதெசின் அந்த வெட்டுவாயில் புகுந்து ஒட்டவிடாமல் செய்கிறது. ஓயாமல் பெருகும் புற்றுநோய்ச் செல்லுக்கு இதைவிட ஆபத்து வேறில்லை. செயல்படும் முறை தெரிந்ததும், நீரில் கரையும்படி மூலக்கூறைச் சற்றே திருத்தி டோபோடெகான், ஐரினோடெகான் என்ற இரு மருந்துகளை உருவாக்கினார்கள். இரண்டுக்கும் 1996ல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. முன்னது சினைப்பைப் புற்றுநோய்க்கும், பின்னது பெருங்குடல் புற்றுநோய்க்கும் இன்றும் கொடுக்கப்படுகின்றன.

மரத்துக்கு வந்த வினை

மருந்துக்கு விடிந்தது, மரத்துக்கு இருட்டியது. ஆய்வுக்கூடத்தில் கேம்ப்டோதெசினை முழுக்கச் செயற்கையாகச் செய்துகாட்டியவர்கள் உண்டு. ஆனால் செலவைப் பார்த்தால் மரத்தை வெட்டுவதே மலிவு. நரக்யாவில் இந்தச் சத்து தாராளம் என்று பெயர்; அந்தத் தாராளமும் நூறு கிலோ காய்ந்த கட்டைக்குச் சில நூறு கிராம்தான். ஆகவே டன் கணக்கில் வெட்டினார்கள். வெட்டிய அடியிலிருந்து மரம் மறுபடி துளிர்க்கக்கூடியது. வேரிலும் சத்து இருக்கிறதென்று தோண்டி எடுத்துவிட்டால் துளிர்ப்பதற்கு என்ன இருக்கிறது? மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இந்த மரம் அருகிவருவதாகத் தாவர ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். திருட்டுத்தனமாக வெட்டிக் கடத்தப்படும் நரக்யாக் கட்டைகளை வனத்துறையினர் பிடிப்பதும் மராட்டியப் பத்திரிகைகளில் வழக்கமான செய்தியாகிவிட்டது.

2005ல் ஒரு நம்பிக்கை பிறந்தது. கொங்கண் பகுதி நரக்யா மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் நுண்ணிய பூஞ்சைக் காளான் ஒன்று, தானும் கேம்ப்டோதெசின் தயாரிப்பதாக ஜம்மு ஆராய்ச்சி நிலையத்தினர் கண்டார்கள். பென்சிலினைப் போலத் தொட்டியில் வளர்த்து எடுத்துக்கொள்ளலாமே, காட்டுப் பக்கம் போகவே வேண்டாமே என்று பலரும் ஆவல்கொண்டார்கள். ஆனால் இத்தகைய காளான்களை மரத்திலிருந்து பிரித்துக் கண்ணாடிக் குடுவையில் தலைமுறை தலைமுறையாக வளர்த்தபோது, ஒவ்வொரு தலைமுறையிலும் சத்து குறைந்துகொண்டே போனது. 2010ல் பெங்களூர் ஆய்வாளர்களும் இதையே கண்டார்கள். மரத்துக்குள் இருந்தபோது தெரிந்த தொழில், வெளியே வந்ததும் அதற்கு மறந்துபோகிறது. ஏன் என்பதைத்தான் இப்போது தேடுகிறார்கள்.