ஐந்நூறு தோலா, ஐந்நூறு அடியா?



வேலைக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளின் ஆங்கிலக் கடிதங்களை நமது அறக்கட்டளை அலுவலகத்தில் திருத்திக் கொடுத்து வருகிறோம். பயிற்சிக்காக ஒரு பிள்ளை எழுதிய சரக்குக் கடிதத்தில் ‘ஃபைவ் ஹண்ட்ரட் லெதர்ஸ்’ என்றிருந்தது. ஐந்நூறு தோலா, ஐந்நூறு சதுர அடியா என்று கேட்டோம். பதில் சொல்லத் தெரியவில்லை. ஓர் ஆட்டுத்தோல் சுமார் 5 சதுர அடி என்று வைத்தால், 500 தோல் 2,500 சதுர அடி ஆகிறது. ஒரு சொல் விடுபட்டதில் கணக்கு ஐந்து மடங்கு மாறிவிட்டது.

தமிழில் பத்து தோல், மூன்று தகவல், இரண்டு புத்திமதி என்று எல்லாவற்றையும் எண்ணிச் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் எண்ணக்கூடிய பெயர் வேறு, எண்ண முடியாத பெயர் வேறு. ஆட்டின் பச்சைத்தோல் ‘ஸ்கின்’, மாட்டினுடையது ‘ஹைட்’. இவற்றை எண்ணலாம், ‘டென் ஸ்கின்ஸ்’ சரி. டேனரியில் பதனிட்டு வெளிவந்ததும் அது ‘லெதர்’. அரிசி, தண்ணீர் போல இதை எண்ணக்கூடாது. நாமும் அதற்கு அடிக்கணக்கில்தானே விலை பேசுகிறோம்!

ஆகவே எண்ணுக்கும் லெதருக்கும் நடுவே ஓர் அளவுச் சொல்லும் ‘ஆஃப்’ என்பதும் வர வேண்டும்: ‘ஃபைவ் ஹண்ட்ரட் ஸ்கொயர் ஃபீட் ஆஃப் லெதர்’, ‘டென் பீசஸ் ஆஃப் லெதர்’. பன்மை அளவுச் சொல்லில் மட்டுமே சேரும். கேள்வியும் மாறும்: ‘ஹவ் மெனி ஸ்கின்ஸ்’, ஆனால் ‘ஹவ் மச் லெதர்’. ஏற்றுமதிக் கம்பெனிகள் ‘ஃபினிஷ்ட் லெதர்ஸ்’ என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அது தோலின் பல வகைகளைக் குறிப்பது, எண்ணிக்கையை அல்ல.

விண்ணப்பங்களில் அடிக்கடி தவறும் மற்றவை:

இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர்: இவற்றின் கடைசியில் ‘ஸ்’ போடாதீர்கள். ஒன்று என்றால் ‘எ பீஸ் ஆஃப்’ சேர்த்து எழுதுங்கள்.

மெஷினரி: ‘டூ மெஷினரீஸ்’ தவறு, ‘டூ மெஷின்ஸ்’ சரி.

எக்ஸ்பீரியன்ஸ்: ‘ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’ என்பதே வேலை அனுபவம். ‘எக்ஸ்பீரியன்ஸஸ்’ என்றால் வாழ்வில் நேர்ந்த நிகழ்ச்சிகள் என்று பொருளாகிவிடும்.

தோலைத் தொட்டதும் தரம் சொல்லும் பிள்ளைகள், ஒரு சொல் பிழையால் பின்தங்கக் கூடாது. கடிதத்தை அனுப்புமுன் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். இன்ஷா அல்லாஹ் சேர்ந்து பார்ப்போம்.

— செயலாளர்