இரு கண்ணுக்கு ஒரு காட்சி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

நம் கல்லூரி விலங்கியல் துறையின் பீரோவில் பழைய பைனாகுலர் ஒன்று இருப்பதை உங்களில் பலர் அறிந்திருக்க மாட்டீர்கள். பயனற்ற பொருள்களைக் கழித்து ஏலம் விடும் பட்டியலில் இவ்வாண்டு அதன் பெயரும் ஏறியது. உடைந்த நாற்காலிகளோடும் துருப்பிடித்த அலமாரியோடும் அதுவும் எடைக்குப் போக இருந்தது. பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு ஏரிக்குச் செல்லும் எங்கள் இயற்கை மன்றத்தாரிடமோ ஒரு கருவியும் கிடையாது. "இரண்டு வாரம் என்னிடம் கொடுங்கள் ஐயா, பார்த்துச் சொல்கிறேன்" என்று துறைத் தலைவரிடம் கேட்டு வாங்கினேன். அப்போது நான் கற்றதையும் செய்த தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

கருவியின் அமைப்பு

அதன் மேல் 8×30 என்று பொறித்திருந்தது. 8 என்பது உருப்பெருக்கம்; 200 மீட்டர் தொலைவில் நிற்கும் நாரை 25 மீட்டரில் நிற்பதுபோல் தெரியும். 30 என்பது பொருளருகு லென்சின் விட்டம், மில்லிமீட்டரில். 30ஐ 8ஆல் வகுத்தால் 3.75 வருகிறது. கண்ணருகு லென்சிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் அதுவே. நல்ல பகல் வெளிச்சத்தில் நம் கண்ணின் பாவை 2 முதல் 3 மில்லிமீட்டர் அளவே இருக்கும். ஆகவே பகலில் பறவை பார்க்க இது தாராளமாகப் போதும். நடைபாதைக் கடைகளில் பெரிய பெரிய எண்களைப் பொறித்து விற்பதைக் கண்டு யாரும் மயங்க வேண்டாம். பெருக்கம் கூடினால் கை நடுக்கமும் அத்தனை மடங்கு கூடித் தெரியும்.

பொருளருகு லென்சு தலைகீழான, இடவலம் மாறிய பிம்பத்தையே தருகிறது. அதை நிமிர்த்துவதற்காக ஒவ்வொரு குழலிலும் இரண்டு செங்கோண முப்பட்டகங்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக வைக்கப்பட்டுள்ளன. இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. எர்ன்ஸ்ட் அபே என்னும் ஜெர்மானிய அறிஞரின் முயற்சியால் ஜீஸ் நிறுவனம் 1894இல் இத்தகைய பைனாகுலரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வகுப்பில் நாம் படிக்கும் முழு அக எதிரொளிப்புதான் இதற்குள் நான்கு முறை நடக்கிறது.

நம் கருவி சோவியத் நாட்டில் செய்யப்பட்டது. அந்நாட்டுப் பைனாகுலர்களில் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் செய்த ஆண்டைக் குறிக்கும். இதில் 78 என்றிருந்தது. செய்த நாடே 1991இல் மறைந்துவிட்டது. கருவி மட்டும் நம் பீரோவில் இருந்தது!

மதிப்பிடுவது எப்படி?

பழைய பைனாகுலரை வாங்குமுன் ஐந்து சோதனைகள் செய்யவேண்டும்.

முதலாவது, காதருகே வைத்து மெல்ல அசைக்கவேண்டும். உள்ளே கடகடவென்றால் முப்பட்டகம் இடம்விட்டுக் கழன்றிருக்கிறது.

இரண்டாவது, பெரிய லென்சின் பக்கமாக வெளிச்சத்தை நோக்கிப் பார்க்கவேண்டும். சிலந்தி வலைபோல் இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. லென்சின் ஓரத்தில் வானவில் நிறத் திட்டுகள் தெரிந்தால், இரு கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப்போயிருக்கிறது. அதைச் சரிசெய்வது நம்மால் ஆகாது.

மூன்றாவது, விளக்கின் பிம்பத்தை லென்சில் பார்க்கவேண்டும். வெண்மையாகத் தெரிந்தால் பூச்சு இல்லாத கண்ணாடி. நீலமாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் பூச்சு உண்டு. பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியைத் திருப்பிவிடுகிறது. ஒரு குழலில் காற்றைத் தொடும் பரப்புகள் பத்து என்றால், ஒளியில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும்.

நான்காவது, குவியம் திருத்தும் சக்கரத்தையும் நடுக்கீலையும் திருப்பிப் பார்க்கவேண்டும். பழைய கிரீஸ் இறுகி அடம்பிடிக்கும். இது எளிதில் தீரும் குறை.

ஐந்தாவதே தலையாயது. இரு குழல்களின் ஒளி அச்சுகளும் இணையாக இருக்கவேண்டும். தொலைவிலுள்ள கிடைக்கோடு ஒன்றைப் பார்த்தபடி கருவியை ஒரு சாண் பின்னுக்கு இழுத்தால் இரு வட்டங்களும் தனித்தனியே தெரியும். ஒன்றில் கோடு மேலேயும் மற்றதில் கீழேயும் இருந்தால் அச்சு தவறியிருக்கிறது. நம் கண்கள் உள்நோக்கித் திரும்பி ஓரளவு ஈடுகட்டும். ஆனால் ஒரு கண் மேலும் ஒரு கண் கீழுமாகப் பார்க்க இயலாது. தலைவலிதான் மிஞ்சும்.

என் தவறு

நம் கருவி ஐந்தாம் சோதனையில் தேறியிருந்தது. வலக்குழலில் பூஞ்சையும், இறுகிய கிரீசுமே குறைகள். கடைத்தெருவில் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் சிறிய திருப்புளி கொடுத்தார். "தம்பி, கழற்றுகிற ஒவ்வொன்றுக்கும் அடையாளம் போட்டுக்கொள்" என்றும் சொன்னார். நான் கேட்கவில்லை. முப்பட்டகங்களை வெளியே எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் அழுத்தாமல் துடைத்து, பளிச்சென்று திருப்பி வைத்தேன். மாடியேறிப் பார்த்தால் ஒரு கொக்கு இரண்டு கொக்காக நின்றது. அதில் ஒன்று சாய்ந்தும் நின்றது! முப்பட்டகம் 1 பாகை திரும்பினால் பிம்பம் 2 பாகை சாயும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். கல்லூரிப் பொருளைக் கெடுத்துவிட்டோமே என்று அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மறுநாள் முப்பட்டகத்தை அதன் பள்ளத்தில் சரியாக அமர்த்தினேன்; சாய்வு நீங்கியது. பொருளருகு லென்சைச் சுற்றி, மையம் விலகிய இரண்டு வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. அவற்றைத் திருப்பினால் லென்சு மயிரிழை நகரும். எதிரேயிருந்த குடிநீர்த் தொட்டியின் மேல்விளிம்பைக் குறியாகக் கொண்டு நான்கு மாலைகள் திருப்பி, இரு கோட்டையும் ஒன்றாக்கினேன். பெருமையோடு துறைத் தலைவரிடம் நீட்டினேன். அவர் தம் கண்களுக்கு ஏற்பக் கீலை விரித்துப் பார்த்துவிட்டு, "என்னப்பா, எனக்கு இரண்டு தொட்டி தெரிகிறதே!" என்றார்.

காரணம் இதுதான். கீலைத் திருப்பும்போது குழலும் அதைச் சுற்றித் திரும்புகிறது. அதிலுள்ள பிழையின் திசையும் கூடவே திரும்புகிறது. என் கண் இடைவெளிக்கு மட்டுமே நான் அதைச் சரிசெய்திருந்தேன். இரு அச்சுகளும் கீலின் அச்சுக்கே இணையாக அமைந்தால்தான் எல்லோர் கண்ணுக்கும் பொருந்தும். பிறகு மேலும் எட்டு நாள் தவணை வாங்கி, கீலைக் குறுக்கியும் நடுவில் வைத்தும் விரித்தும் மூன்று நிலைகளிலும் சோதித்துச் சோதித்து முடித்தேன்.

என்ன மதிப்பு?

"இப்போது பதிவேட்டில் என்ன எழுதலாம்?" என்று அவர் கேட்டார். இருந்தபடியே சொன்னேன்: பூஞ்சை நீங்கியது, ஆனால் அது பூச்சை அரித்த தடம் வலக்குழலில் நிலைத்துவிட்டது. சக்கரம் இலகுவாகத் திரும்புகிறது. மூன்று நிலைகளிலும் ஒரே பிம்பம். அவர் ஏலப் பட்டியலில் அந்த வரியை அடித்துவிட்டார்.

தோல் உறையில் வைத்ததே பூஞ்சைக்குக் காரணம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இப்போது அது சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் இருக்கிறது. ஜெல்லின் நீல நிறம் இளஞ்சிவப்பானால் சூடேற்றி உலர்த்தவேண்டும். எச்சரிக்கை ஒன்று: எந்தப் பைனாகுலராலும் சூரியனைப் பார்க்கக்கூடாது, கண் போய்விடும்.

பொங்கலன்று ஏரிக்கரையில் அதை ஏழு பேர் மாற்றி மாற்றிப் பார்த்தோம். நத்தைகுத்தி நாரையின் மூடிய அலகுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாக, பின்னால் இருந்த தண்ணீர் தெரிந்தது. ஏழு பேரும் கண்டோம். ஏழு பேருக்கும் ஒரே நாரைதான். பழைய கருவிக்கு அதன் பெயரும் பளபளப்பும் மதிப்பைத் தருவதில்லை. யார் கையில் கொடுத்தாலும் இரு குழலும் ஒன்றையே காட்டவேண்டும். அதுவே அதன் மதிப்பு.