கால்சியம் மாத்திரையும் கால்சியத்தைத் தடுக்கும் மாத்திரையும்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பால்கோவாவுக்குப் பால் தரும் மாட்டுக் கொட்டில்களில், ரத்தத்தில் கால்சியம் திடீரென்று இறங்கினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நன்றாகக் கறக்கும் கலப்பினப் பசு, கன்று போட்ட ஓரிரு நாளில் எழ முடியாமல் படுத்துவிடும். கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொள்ளும். காதைத் தொட்டால் சில்லென்றிருக்கும். மாடு வளர்ப்பவர்கள் பால் காய்ச்சல் என்று சொல்வது இதைத்தான். ஒரு லிட்டர் சீம்பாலில் சுமார் 2 கிராம் கால்சியம் வெளியேறுகிறது. பசுவின் ரத்தத்தில் ஓடும் கால்சியமோ மொத்தமே சில கிராம்தான். எலும்பிலிருந்து எடுத்துக்கொடுக்க உடம்புக்கு அவகாசம் போதுவதில்லை.

கால்நடை மருத்துவர் வந்து கால்சியம் போரோகுளுக்கோனேட் மருந்தை ரத்தக்குழாயில் மெல்ல ஏற்றுவார். பெரும்பாலான பசுக்கள் சிறிது நேரத்தில் எழுந்து நின்றுவிடும். ஆனால் அதே மருந்தை அவசரப்பட்டு வேகமாக ஏற்றினால் பசுவின் இதயம் நின்றுவிடக்கூடும். கால்சியத்தை வெறும் ‘சத்து மாத்திரை’யாக எண்ணி, மெடிக்கல் கடையில் தாமாகவே வாங்கி விழுங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எலும்புக்கு மட்டுமல்ல, தசைக்கும் நரம்புக்கும் இதயத்துடிப்புக்கும் ரத்தம் உறைவதற்கும் அதுவே வேண்டும். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி காயத்தை மூடிக் காக்கும். உள்ளே ரத்தம் உறைவதற்குக் கால்சியம் இருந்தாக வேண்டும்.

ஊசியாகப் போடும்போது

1880-களில் லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் வைத்து ஆராய்ந்தார். குழாய்த் தண்ணீரில் செய்த கரைசலில் துடித்துக்கொண்டே இருந்த இதயம், காய்ச்சி வடித்த நீரில் செய்த கரைசலில் ஓய்ந்துபோனது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் அந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

இன்று அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இருக்கும் கால்சியம் குளுக்கோனேட் ஊசி அந்த அறிவிலிருந்து வந்தது. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் எந்த நிமிடமும் தடம் மாறலாம். ஈ.சி.ஜி.யைப் பார்த்தபடி இந்த ஊசியைச் சில நிமிடங்களில் மெல்லச் செலுத்துவார்கள். அது பொட்டாசியத்தைக் குறைக்காது. குறைக்கும் சிகிச்சை வேலை செய்யும்வரை இதயத்தைக் காக்கும். தைராய்டு அறுவைக்குப் பின் சிலருக்குக் கால்சியம் இறங்கி, உதட்டைச் சுற்றி மதமதப்பும் விரல்கள் இழுத்துக்கொள்வதும் வரும். அதற்கும் இதே ஊசிதான். பிரசவ வார்டிலும் இது கையருகே இருக்க வேண்டும். கர்ப்பகால வலிப்புக்குக் கொடுக்கும் மெக்னீசியம் சல்பேட் அளவு மீறினால் முறிவு மருந்து இதுவே.

கர்ப்பிணிக்கு இரண்டு மாத்திரை

2014-ல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, கர்ப்பத்தின் 14-வது வாரத்திலிருந்து, குழந்தை பிறந்து ஆறு மாதம் வரை, தினம் இரண்டு கால்சியம் மாத்திரை. ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் கால்சியமும் 250 யூனிட் வைட்டமின் டி-யும் இருக்கும். உணவில் கால்சியம் குறைவாக உள்ள பெண்களுக்குக் கர்ப்பகால ரத்த அழுத்தம் முற்றி ஆபத்தாவதை இது குறைக்கிறது. பெங்களூருவிலும் தான்சானியாவிலும் நடந்து 2024-ல் வெளியான ஆய்வில், தினம் 1,500 மில்லிகிராம் தரும் பலனுக்கு 500 மில்லிகிராமின் பலன் சளைத்ததாக இல்லை. அதைக் கேட்டு மாத்திரையை நீங்களே குறைத்துவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுப்பதைக் கொடுத்தபடி சாப்பிடுங்கள்.

பிரஷர் மாத்திரை பற்றிய பயம்

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து ரத்த அழுத்த மாத்திரை பல வீடுகளுக்கு வாசலிலேயே வந்து சேர்கிறது. அவற்றில் பரவலானது ஆம்லோடிபின். இது கால்சியத் தடுப்பான் வகை மருந்து. இதைக் கேட்டதும், “அப்படியானால் என் எலும்பிலுள்ள கால்சியம் போய்விடுமா? மூட்டுவலிக்குக் கொடுத்த கால்சியம் மாத்திரையை நிறுத்திவிடவா?” என்று பயப்படுகிறார்கள்.

நியாயமான பயம், ஆனால் தேவையற்றது. ரத்தக்குழாய்ச் சுவரில் மெல்லிய தசை இருக்கிறது. அந்தத் தசைச் செல்லுக்குள் கால்சியம் நுழையும்போது அது இறுகுகிறது. குழாய் சுருங்கி அழுத்தம் ஏறுகிறது. ஆம்லோடிபின் அந்த நுழைவாயிலைக் குறைக்கிறது, அவ்வளவுதான். ரத்தத்திலும் எலும்பிலும் உள்ள கால்சியத்தின் அளவு அதனால் குறையாது. மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டையும் சாப்பிடலாம். இந்த வகை மருந்துகளின் வேலையை 1960-களில் விளக்கியவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஆல்பிரெக்ட் ஃப்ளெக்கன்ஸ்டைன். டில்டியாசெம், வெராபமில் இரண்டும் இதே குடும்பம். இதயத்துடிப்பையும் அவை மெதுவாக்கும்.

ஆம்லோடிபின் சாப்பிடும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். கிட்னி போய்விட்டது என்று பதறி மாத்திரையை நிறுத்துவது பெரிய ஆபத்து. பக்கவாதம் வரை கொண்டுபோகும். மருத்துவரிடம் சொன்னால், வீக்கத்துக்கு வேறு காரணம் உண்டா என்று பார்த்து, அளவையோ மருந்தையோ மாற்றுவார்.

எதனோடு சேரக் கூடாது

தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டால், நான்கு மணி நேரம் கழித்தே கால்சியம். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் குறைந்தது இரண்டு மணி இடைவெளி வேண்டும். டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளைக் கால்சியம் வயிற்றிலேயே பிடித்துக்கொண்டு பலனைக் கெடுத்துவிடும்.

கால்சியம் கார்பனேட் கரைய வயிற்று அமிலம் தேவை, ஆகவே அது சாப்பாட்டோடு. அந்த அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் மாத்திரைகளை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்குக் கால்சியம் சிட்ரேட் பொருந்தும்.

தட்டிலிருந்தும் வெயிலிலிருந்தும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 200 மில்லி டம்ளரில் இரண்டு டம்ளர் பால் குடித்தால் ஏறக்குறைய பாதி வந்துவிடும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. முருங்கைக்கீரை, எள், முள்ளோடு தின்னும் நெத்திலி எல்லாம் நல்லவை. பால்கோவாவிலும் கால்சியம் உண்டு. ஆனால் கூடவே வரும் சர்க்கரையால் அதை மருந்துக் கணக்கில் சேர்க்க முடியாது.

சாப்பிட்ட கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். அதற்கு வெயில் வேண்டும். ராஜபாளையம் நூற்பாலைகளில் இரவு ஷிப்ட் முடித்துப் பகலெல்லாம் தூங்கும் பெண்களுக்கு அது எங்கே கிடைக்கிறது? அவர்களுடைய இடுப்புவலியையும் கால்வலியையும் வெறும் அசதி என்று தள்ளிவிடாமல் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது.

60,000 யூனிட்

குறைபாடு இருந்தால் வைட்டமின் டி 60,000 யூனிட்டை வழக்கமாக வாரம் ஒன்று எனச் சில வாரங்களுக்கு எழுதித் தருவார்கள். இதைத் தினம் ஒன்றாகச் சாப்பிட்டாலோ, சீட்டு முடிந்த பிறகும் மாதக்கணக்கில் தொடர்ந்தாலோ ரத்தத்தில் கால்சியம் மிதமிஞ்சும். அடங்காத தாகம், மலச்சிக்கல், வாந்தி, குழப்பமான பேச்சு வரும், சிறுநீரகமும் கெடும். அமெரிக்காவில் 36,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், கால்சியமும் வைட்டமின் டி-யும் மாத்திரையாக எடுத்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது. உணவில் வரும் கால்சியத்தின் கதை வேறு. அது குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்வதால் கல் உருவாவதைக் குறைக்கவே செய்கிறது. அதனால் கல் வந்தவர்கள் பாலையும் மோரையும் விட வேண்டியதில்லை. கால்சியம் மாத்திரையைத் தொடரலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.