டிரைவர் சொல்லும் பிழை

பாங்கிலிருந்து பணம் அனுப்பும்போது, நம் கட்டளையை ஏற்கும் அப்ளிகேஷனுக்கும், கணக்குகளையெல்லாம் காத்துவரும் டேட்டாபேஸுக்கும் இடையே, ஒருவர் பாஷையை மற்றவருக்கு எடுத்துச் சொல்லும் துபாஷியைப் போல, டிரைவர் என்னும் சிறு மென்பொருள் ஒன்று வேலை செய்கிறது. காரியம் தடைப்பட்டால் அதன் காரணத்தை எக்செப்ஷன் என்னும் வடிவில் அப்ளிகேஷனுக்கு அறிவிப்பதும் அதன் கடமையே.

அக்காரணங்களை வகைப்படுத்தும் ஏற்பாடு புதிதன்று. டேட்டாபேஸுக்குக் கட்டளையிடும் மொழியான எஸ்க்யூஎல்லின் 1992-ஆம் ஆண்டுத் தர நிர்ணயத்திலேயே ஐந்து எழுத்துக்கள் கொண்ட எஸ்க்யூஎல்ஸ்டேட் என்னும் குறியீடு இடம்பெற்றுவிட்டது. அதன் முதல் இரண்டு எழுத்துக்களே பிழையின் இனத்தைச் சொல்லிவிடும். அவை 23 எனில், ஒருமுறை பதிவான மின்னஞ்சல் முகவரியையே மறுபடியும் பதிய முற்பட்டது போன்ற நியம மீறல் நேர்ந்திருக்கிறது. எத்தனை முறை கேட்டாலும் பதில் மாறாதாகையால், பயனாளரிடம் விஷயத்தைச் சொல்லித் திருத்தச் செய்வதே முறை. குறியீடு முழுவதும் 40001 எனில், ஒரே சமயத்தில் நடந்த பரிவர்த்தனைகள் ஒன்றோடொன்று மோதி, அவற்றுள் ஒன்று ரத்தாகியிருக்கிறது. சற்றுப் பொறுத்து, கடைசிக் கட்டளையை மட்டுமின்றிப் பரிவர்த்தனை முழுவதையும் தொடக்கத்திலிருந்து நடத்தினால் பெரும்பாலும் நிறைவேறிவிடும். இந்த வேற்றுமையை உணர்ந்தே, 2006-இல் வெளியான ஜாவா 6 என்னும் புரோகிராம் மொழிப் பதிப்பு, மீண்டும் முயலத்தக்க பிழைகளுக்கும், முயன்றும் பயனில்லாதவற்றுக்கும் தனித்தனி எக்செப்ஷன் வகைகளை அமைத்துக் கொடுத்தது.

இவற்றினும் சங்கடமானது 08 என்று தொடங்கும் இணைப்புப் பிழை. பரிவர்த்தனையை உறுதி செய்யும் ‘கமிட்’ கட்டளை புறப்பட்டபின், பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்துபோனால், பணம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது அப்ளிகேஷனுக்குத் தெரியாது. சேரவில்லை என்று கருதி மறுபடியும் அனுப்பினால், ஒரே தொகை இருமுறை கழிந்துவிடும் அபாயம் உண்டு. ஆகவே விவேகமுள்ள புரோகிராமர், ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் தனி எண் ஒன்றை முன்னதாகவே அளித்து, பணமாற்றம் நடக்கும் அதே பரிவர்த்தனையில் அவ்வெண்ணையும், இரண்டாம் முறை பதியவொட்டாத நிபந்தனையுடன், எழுதிவைக்கிறார். அதன்பின் துணிந்து மீண்டும் முயலலாம். முந்தைய முயற்சி நிறைவேறியிருந்தால் டேட்டாபேஸ் அவ்வெண்ணைக் குறித்து 23 என்று தொடங்கும் பிழையைச் சொல்லித் தடுத்துவிடும், அந்தப் பிழையே பணம் முன்னரே சேர்ந்தது என்பதற்கு அத்தாட்சியாகும்.

எல்லா எக்செப்ஷன்களையும் ஒன்றாகப் பாவித்து, எதையும் பதிவு செய்யாமல் விழுங்கிவிடும் புரோகிராம், பிழையை மறைக்கிறதேயன்றித் தீர்ப்பதில்லை. குறியீட்டைப் படித்து, அதன் இனமறிந்து நடப்பதே புரோகிராமர் பிறர் பணத்துக்குச் செய்யவேண்டிய முதல் நியாயம்.