பிளஸ் 2 வணிகவியல் மாணவர்களுக்குக் கம்ப்யூட்டர் எப்படி உதவும்?

நீங்கள் பிளஸ் 2-வில் வணிகவியல் பிரிவு எடுத்தவரா? அல்லது அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? படிப்புக்கு உதவும் என்று சொல்லித்தான் பல வீடுகளில் கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள். வந்த பிறகு அதில் சினிமாதான் ஓடுகிறது. தேர்வுக்கு அதை எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது என்று பார்ப்போம்.

தமிழ்நாட்டின் பிளஸ் 2 பொதுத் தேர்வு பேனாவால் எழுதும் தேர்வு. கணக்குப்பதிவியலுக்கு 3 மணி நேரம், 90 மதிப்பெண். இதில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 20 மட்டுமே. மற்றவற்றை எழுதிக் காட்ட வேண்டும். ஐந்து மதிப்பெண் கணக்குகளில் பேரேட்டுக் கணக்கைக் கோடு போட்டு, செய்முறையையும் காட்ட வேண்டும். இதற்கு நோட்டும் ஸ்கேலும் போதும். பாடக் குறிப்புகளை வேர்டில் டைப் செய்து கலர் கொடுத்துக் கொண்டிருப்பது வீண் வேலை. பழக வேண்டியது கை.

நுழைவுத் தேர்வு இதற்கு நேர் எதிர். தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பி.காம். சேர பிளஸ் 2 மதிப்பெண் போதும். ஆனால் டெல்லிப் பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு இருக்கிறது. 2025-ல் இது முழுவதும் கம்ப்யூட்டரில் நடந்தது. ஒரு பாடத்திற்கு 50 வினாக்கள், 60 நிமிடம். அதாவது ஒரு வினாவுக்கு 72 வினாடி. சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறானால் 1 கழியும். நான்கு விடைகளில் இரண்டை நீக்க முடிந்தால் துணிந்து ஒன்றைக் குறிக்கலாம். அப்படிக் குறித்த இரண்டில் ஒன்று தவறினாலும் 4 மதிப்பெண் மிஞ்சும்.

இங்குதான் உங்கள் கம்ப்யூட்டர் தேவை. தேர்வை நடத்தும் என்டிஏவின் இணையதளத்தில் மாதிரித் தேர்வு இலவசமாகக் கிடைக்கிறது. திரையின் வலப்பக்கம் வினா எண்கள் கட்டம் கட்டமாக இருக்கும். விடை அளித்தவை பச்சை, பார்த்துவிட்டு விடை அளிக்காதவை சிவப்பு, மறுபடி பார்க்கக் குறித்து வைத்தவை ஊதா. விடையைக் கிளிக் செய்தவுடன் 'சேவ் அண்டு நெக்ஸ்ட்' பட்டனை அழுத்த வேண்டும். அதை அழுத்தாமல் வலப்பக்கக் கட்டத்தில் வேறொரு எண்ணைக் கிளிக் செய்து தாவினால் நீங்கள் தேர்ந்தெடுத்த விடை பதிவாகாது! விடை தெரிந்தும் மதிப்பெண் போய்விடும். வீட்டில் நான்கைந்து முறை பழகினால் இது விரலுக்கே தெரிந்துவிடும். தேர்வு அறையில் கீபோர்டு வேலை செய்யாது, எல்லாம் மவுஸ்தான். லேப்டாப்பில் டச்பேடு மட்டும் பழகியவர்கள் ஒரு சாதாரண மவுஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாடத்திட்டத்திலும் கவனம் தேவை. க்யூட் கணக்குப்பதிவியலில் கூட்டாண்மைக் கலைப்பு, கடன் பத்திரங்கள், ரொக்க ஓட்ட அறிக்கை ஆகியவை உண்டு. நம் பிளஸ் 2 புத்தகத்தில் இவை தனிப் பாடங்களாக இல்லை. என்சிஇஆர்டி இணையதளத்தில் 12-ம் வகுப்புப் புத்தகங்களை பிடிஎப் பைல்களாக இலவசமாக டவுன்லோடு செய்யலாம். முழுப் புத்தகத்தையும் பிரிண்ட் எடுக்காமல் இந்தப் பாடங்களை மட்டும் எடுங்கள்.

அடுத்து எக்ஸெல். இது இல்லாதவர்கள் இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம். எங்கள் சாப்ட்வேர் வேலையில் கண்டுபிடித்த பிழைகளை எல்லாம் ஒரு பட்டியலில் எழுதி வைப்போம். அதையே நீங்களும் செய்யுங்கள். தேதி, பாடம், வினா எண், தவறின் காரணம் என்று நான்கு தலைப்புகள் போதும். காரணத்தை 'கூட்டல் பிழை', 'பற்று வரவு மாற்றம்', 'பாடம் தெரியவில்லை' என ஒரே மாதிரி டைப் செய்யுங்கள். ஒரு மாதம் கழித்து டேட்டா டேபில் உள்ள பில்டரைக் கிளிக் செய்து ஒரு காரணத்தை மட்டும் தேர்ந்தெடுத்தால், அந்தத் தவறு எந்தப் பாடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரியும். கூட்டாளி சேர்ப்பில் மறுமதிப்பீட்டுக் கணக்குதான் பிரச்சினை என்றால் அதையே பத்து முறை போடுங்கள். தெரிந்த பாடத்தை மறுபடி படிப்பது சுகம்தான், மதிப்பெண் ஏறாது.

கடைசியாக டேலி. பிளஸ் 2 கணக்குப்பதிவியல் புத்தகத்தின் பத்தாவது பாடம் இது. பொதுத் தேர்வில் தாளில்தான் கேட்பார்கள் என்றாலும், ஒரு முறை கையால் செய்து பார்த்தால் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. டேலி பிரைமை டவுன்லோடு செய்து நிறுவி, லைசென்ஸ் கேட்கும் இடத்தில் எஜுகேஷனல் மோடைத் தேர்ந்தெடுத்தால் பணம் கட்ட வேண்டாம். ரொக்கத்தை வங்கியில் செலுத்தினால் எஃப் 4, பணம் கொடுத்தால் எஃப் 5, வந்தால் எஃப் 6. இந்த மோடில் மாதத்தின் 1, 2 உள்ளிட்ட சில தேதிகளை மட்டுமே ஏற்கும். புத்தகக் கணக்கில் 15-ம் தேதி என்று இருந்தால் 2 என்று மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.